தை மாதக் குளத்தில் பறவை எண்ணுவது: முதல்முறை வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழிப் பனியிலிருந்து மாசி வரை கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் குளங்களில் வலசைப் பறவைகள் இருக்கும். தன்னார்வலர்களை வைத்து நடக்கும் கணக்கெடுப்புகளும் அப்போதுதான் வரும். புதியவர்களோடு பல ஆண்டு கரையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெயர் தெரியாததால் கணக்கு கெட்டுப்போவது குறைவு. எண்ணாமல் விடுவதால் கெட்டுப்போவதுதான் அதிகம்.

எங்கேயோ ஓர் அரிய வாத்து தெரிந்தது என்று அரை மணி நேரம் அதைத் தேடுவார்கள். கண் முன்னால் மிதக்கிற நானூறு நாமக்கோழிகளுக்குக் குறிப்பேட்டில் 'நிறைய' என்ற ஒரே சொல்தான் இருக்கும். அடுத்த தையில் அவை நாற்பதாகக் குறைந்தாலும் பார்ப்பவருக்கு 'நிறைய'தான். குறைந்துபோனது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதனால் கீழே வரும் எல்லாப் படிகளும், கண்ணில் பட்டதை எண்ணாகக் கொண்டுவருவது எப்படி என்பதைப் பற்றியவை.

1. எந்தக் கணக்கெடுப்பு என்று முதலில் தெளிவாகுங்கள்

அடுத்தடுத்து நான்கு வரும், நான்குக்கும் விதி வேறு.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. குளம், ஏரி, அணை போன்ற நீர்நிலைகளில் உள்ள பறவைகளை முடிந்தவரை முழுதாக எண்ணுவது அதன் நோக்கம். பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அதற்குக் குளம் வேண்டும் என்பதில்லை. மொட்டை மாடியில் 15 நிமிடம் நின்று எண்ணினாலும் சரி, காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டு (மேய்ச்சல் நில) வேலியோரம் கௌதாரியை எண்ணினாலும் சரி. பிப்ரவரியில் உலகம் முழுவதும் நான்கு நாள் வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பு வரும். இவை தவிர, வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும் உண்டு. அதில் எந்த இடம், எந்தக் குழு என்று அவர்களே பிரித்துக் கொடுப்பார்கள். முன்பே பெயர் கொடுத்தால்தான் சேர முடியும்.

இனி நான் எழுதுவது ஜனவரியில் ஒரு குளத்தை முழுதாக எண்ணுவதைப் பற்றி. அதைப் பழகிவிட்டால் மற்ற மூன்றும் கைக்கு எளிதாக வரும்.

2. ஒரே ஒரு குளம்

முதல் ஆண்டே உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர், சூலூர் என்று ஒரே காலையில் மூன்று குளம் சுற்றத் திட்டம் போடுபவர்கள் உண்டு. வேண்டாம். மூன்றாவது குளத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும், கண் சோர்ந்திருக்கும், பாதிப் பறவை மேய்ச்சலுக்குக் கிளம்பியிருக்கும். மூன்று அரைகுறைக் கணக்குகளைவிட ஒரு முழுக் கணக்கு பயன்படும்.

வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போகக்கூடிய குளமாகப் பாருங்கள். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் நீங்கள் அங்கே போகப் போகிறீர்கள். தூரமாக இருந்தால் மூன்றாம் ஆண்டு போக மாட்டீர்கள்.

வெள்ளோடு, நஞ்சராயன் குளம் போன்ற சரணாலயங்களை எண்ண வனத்துறையின் அனுமதியோடு, குழுவாகவே போக வேண்டும். நஞ்சராயன் குளம் ஏறத்தாழ 125 ஹெக்டேர். புதியவர் தனியாக நின்று எண்ணக்கூடிய பரப்பு அல்ல. பழகியவர்களோடு சேர விரும்பினால் கோயம்புத்தூர் நேச்சர் சொசைட்டி போன்ற இயற்கை அமைப்புகளை டிசம்பரிலேயே அணுகுங்கள். ஜனவரியில் கேட்டால் குழுக்கள் பிரித்து முடிந்திருக்கும்.

3. ஒரு வாரம் முன்பே கரையை நடந்து பாருங்கள்

பெரும்பாலானவர்கள் விடுகிற படி இது. கணக்கெடுக்கும் நாளன்றுதான் முதல்முதலாகக் கரையேறுவார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று தேடுவதிலேயே நல்ல வெளிச்சம் போய்விடும்.

ஒத்திகை நாளில் மூன்று வேலைகள். முதலாவது, நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்வது. நடுத்தரக் குளத்துக்கு நான்கைந்து இடம் போதும். ஒவ்வோர் இடத்திலிருந்தும் எதுவரை தெரிகிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். மதகு, கரண்டுக் கம்பம், ஒற்றைப் பனை, கலிங்கு என்று அசையாத அடையாளங்களை வைத்துக் குளத்தைத் துண்டு போடுங்கள். 'மதகிலிருந்து ஒற்றைப் பனை வரை முதல் துண்டு' என்று எழுதி வைத்தால், ஒரே பறவையை இரண்டு இடத்திலிருந்து எண்ணுகிற தவறு பாதியாகக் குறையும்.

இரண்டாவது, சூரியன். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கரிய நிழல்தான். நொய்யல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற ஆறு, நிலமும் அப்படியே சரிகிறது. அதனால் அந்த ஆற்றை நம்பிய பல குளங்களுக்குக் கிழக்குப் பக்கம் கரை இருக்கும். காலையில் அந்தக் கரையில் நின்றால் வெயில் நம் முதுகில் விழும், பறவைமேல் வெளிச்சம் இருக்கும். உங்கள் குளம் எப்படி என்று பார்த்து, வெயில் முதுகில் விழும் இடத்திலிருந்து தொடங்குமாறு வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, குளத்தில் புழங்குபவர்களோடு பேசுவது. கழுத்தில் பைனாகுலரோடு ஒருவர் கரையில் நின்றால் ஊரில் சந்தேகம் வரும், அது நியாயமும்கூட. ஒருமுறை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஏனுங் தம்பி, குளத்த அளக்கறீங்களா? எதாச்சும் ரோடு போடறாங்களா?" என்று கவலையோடு கேட்டார். "இல்லீங்க ஐயா, பறவை எண்ணறோமுங்க" என்று சொல்லி, பைனாகுலரை அவர் கையிலேயே கொடுத்தேன். சிறிது நேரம் பார்த்தவர், "வாத்தெல்லாம் விடியால மேக்கால மூலையில கெடக்குமுங்க. பரிசல் எறங்குச்சுன்னா எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்துரும்" என்றார். அந்த ஒரு வார்த்தையால் எங்கள் வரிசையையே மாற்றினோம். மீன் பிடிப்பவர்கள் எத்தனை மணிக்குப் பரிசல் இறக்குவார்கள் என்று கேட்டு, அதற்கு முன்பே வாத்துகளை எண்ணி முடிக்குமாறு திட்டமிடுங்கள்.

4. இருபது பறவை போதும், ஆனால் உறுதியாக

புத்தகம் முழுவதையும் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. நம் குளங்களில் எண்ணிக்கையில் பெரும்பங்கு இருபது வகைக்குள் அடங்கிவிடும். அவற்றைச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தால் நீங்கள் எண்ணலாம். குழப்பம் வருகிற கூட்டங்களை மட்டும் சொல்கிறேன்.

கரிய நிறத்தில் மிதப்பவை. உடம்பெல்லாம் கரி, அலகும் நெற்றியும் பளிச்சென்று வெள்ளை, நாமம் போட்டது போல இருந்தால் நாமக்கோழி. நெற்றி சிவப்பாகவும் விலாவில் வெள்ளைக் கோடும் இருந்தால் தாழைக்கோழி. பெரிதாக, ஊதா கலந்த நீலத்தில், தடித்த சிவப்பு அலகோடு ஆகாயத்தாமரைமேல் நடப்பது நீலத் தாழைக்கோழி. உள்ளங்கையளவில் பழுப்பாக இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போவது முக்குளிப்பான். உடம்பு பாதி தண்ணீருக்குள் அமிழ்ந்து, அலகை மேல்நோக்கி வைத்து நீந்துவது நீர்க்காகம். கழுத்து மட்டும் பாம்பு போல வெளியே தெரிந்தால் பாம்புத்தாரா.

வெள்ளைக் கொக்குகள். இங்கேதான் அதிகப் பிழை. அலகு கருப்பு, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து, மாட்டின் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு. மஞ்சள் அலகோடு கழுத்தும் நீளமாக இருந்தால் நடுத்தரக் கொக்கா பெரிய கொக்கா என்ற கேள்வி வரும். வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னால் வரை நீண்டிருந்தால் பெரிய கொக்கு. தூரத்தில் அது தெரியாது. தெரியாவிட்டால் 'கொக்கு வகை' என்று எழுதி எண்ணைப் போடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறமாக இருந்து, பறக்கும்போது சட்டென்று வெள்ளை இறக்கை விரிப்பது மடையான். கொக்கு பறக்கிறது என்று அதை இந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

வாத்துகள். கருப்பு அலகில் நுனி மட்டும் மஞ்சளாக இருப்பது புள்ளிமூக்கு வாத்து, நம் ஊரிலேயே தங்குவது. ஊசிவால் வாத்தின் ஆணுக்குக் கழுத்தோரம் வெள்ளைக் கோடும் கூரிய வாலும் இருக்கும். அலகு கரண்டி போல அகன்றிருந்தால் தட்டைவாயன். நீலச்சிறகியின் ஆணுக்குக் கண்ணுக்கு மேலே தடித்த வெள்ளைப் புருவம். பெட்டைகள் எல்லாம் பழுப்பாகவே தெரியும். அவற்றுக்கு அலகின் வடிவத்தையும், உடன் மிதக்கும் ஆண்களையும் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் 'வாத்து வகை'.

சேற்றோரம் ஓடும் சிறு பறவைகளில் முதல் ஆண்டு மூன்றை மட்டும் பழகுங்கள். நீண்ட இளஞ்சிவப்புக் கால்களோடு நிற்கும் நெடுங்கால் உள்ளான், வாலை ஓயாமல் ஆட்டும் சாதா உள்ளான், முதுகில் பொரி தூவியது போலிருக்கும் பொரி உள்ளான். மற்றவற்றை 'உள்ளான் வகை' என்று எண்ணுங்கள். இதில் அவமானம் ஒன்றுமில்லை. தவறான பெயரோடு வரும் எண்ணைப் பிறகு திருத்த முடியாது. 'வகை' என்று வரும் எண் அப்படியே பயன்படும்.

5. கையில் என்ன வேண்டும்

பைனாகுலர் 8×42 அல்லது 10×42 இருந்தால் நல்லது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். குழுவில் ஒருவரிடம் ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் நடுக்குளத்து வாத்துகளுக்கு அது பெரிய உதவி. சொந்தமாகப் பைனாகுலர் இல்லை என்று வராமல் இருந்துவிடாதீர்கள். எழுதுகிற வேலைக்கு ஆள் எப்போதும் தேவை.

பேனாவைவிடப் பென்சில் நல்லது, பனியில் நனைந்த தாளில் மை பரவிவிடும். விரலால் அமுக்கி எண்ணும் சிறு கருவி கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். மண் நிற உடை, தொப்பி, குடிநீர் வேண்டும். மூடிய ஷூ கட்டாயம். புல் அடர்ந்த கரையில் கண்ணாடி விரியன் இருக்கலாம். குச்சியால் தட்டிக்கொண்டே நடங்கள், விடிவதற்கு முன் டார்ச் இல்லாமல் புல்லில் இறங்காதீர்கள். பல குளங்களில் சாக்கடை கலக்கிறது, எனவே தண்ணீரிலும் சேற்றிலும் கால் வைக்க வேண்டாம்.

6. முந்தின இரவே கைபேசியைத் தயார் செய்யுங்கள்

இப்போது பெரும்பாலான கணக்குகள், பறவைகளைப் பதிவதற்கான இபேர்ட் (eBird) செயலியில்தான் ஏறுகின்றன. அதில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்குவது, செயலியை இறக்குவது, நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை இறக்குவது என எல்லாவற்றையும் வீட்டிலேயே முடியுங்கள். கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் அப்போது செயலி வேலை செய்யும். ஒத்திகை நாளில் ஒரு பட்டியல் போட்டுப் பழகிவிடுவது இன்னும் நல்லது. கணக்கெடுக்கும் காலையில் ஐந்து பேர் குனிந்து ஒரு கைபேசியை நோண்டிக்கொண்டிருக்க, தலைக்கு மேல் கரண்டிவாயன் கூட்டம் கடந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

7. யாருக்கு என்ன வேலை

ஒரு குழுவுக்கு மூன்று முதல் ஐந்து பேர். ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் வானத்தையும் மரங்களையும் பார்ப்பார். எழுதுபவர் பைனாகுலரைத் தொடக்கூடாது. எண்ணுபவர் 'நீலச்சிறகி 46' என்றால், எழுதுபவர் 'நீலச்சிறகி 46' என்று திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். காற்றில் 'நாற்பது' என்பது 'நானூறு' என்று காதில் விழுவது சாதாரணம்.

ஒரே பறவையை இரண்டு பேர் எண்ணிக் கூட்டுவது இன்னொரு பிழை. ஒரு குளத்தில் எதிரெதிர் கரையில் இரண்டு குழுவாக நின்றோம். 34 சங்குவளை நாரைகள் நடுவில் எழுந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் இறங்கின. இரண்டு தாளிலும் 34. கூட்டியபோது 68 வந்தது. இரண்டு குழுவும் நேரத்தை எழுதியிருந்ததால்தான் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிந்தது. அன்றிலிருந்து, கூட்டமாக எழும் எதற்கும் நேரம், எண்ணிக்கை, திசை மூன்றையும் எழுதுகிறோம்.

8. கரையில்: எண்ணும் வரிசை

ஜனவரி நடுவில் கோவைப் பக்கம் சூரியன் ஏறத்தாழ 6:45க்கு எழும். 6:15க்கு முதல் இடத்தில் இருங்கள். 9 மணிக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு காற்று எழுந்து தண்ணீரில் அலை தட்டும், சிறு பறவைகள் அலையில் மறையும்.

முதலில் இரவு அடைந்த மரங்கள். நீர்க்காகம், கொக்கு, அரிவாள் மூக்கன் எல்லாம் விடிந்தவுடன் கிளம்பிவிடும். கிளம்பும்போது வானத்தை வைத்து எண்ணுவது எளிது, பிறகு அவற்றைச் சேர்த்துப் பிடிக்க முடியாது.

அடுத்து வாத்துகள். வலசை வாத்துகளில் பல இரவில் மேய்ந்துவிட்டுக் காலையில் நடுத்தண்ணீரில் ஓய்ந்து மிதக்கும். ஆள் நெருங்கினால் முதலில் எழுவதும் இவைதான். எனவே கரையில் வேகமாக நடப்பதற்கு முன், தூரத்திலிருந்தே இவற்றை முடித்துவிடுங்கள்.

பிறகு நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, முக்குளிப்பான். முக்குளிப்பானை ஒரு பார்வையில் எண்ணாதீர்கள். ஒரு துண்டை ஒரு நிமிடமாவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் மூழ்கியவை மேலே வரும். அதற்குப் பின் சேற்றோரம், கடைசியாக நாணலும் சம்பும். வெயில் பட்ட பிறகே நீலத் தாழைக்கோழிகள் நாணலைவிட்டு வெளியே வரும், அதனால் அவற்றைக் கடைசியில் வைப்பது சரி.

சேற்றுப்பூனைப் பருந்து தாழப் பறந்தால் குளமே எழுந்துவிடும். அப்போது எண்ண முயலாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். திரும்ப இறங்கிய பிறகு அந்தத் துண்டை முதலிலிருந்து எண்ணுங்கள். நல்ல படம் வேண்டும் என்று கல் எறிந்தோ கைதட்டியோ பறவையை எழுப்புபவர் குழுவில் இருந்தால் உறுதியாகத் தடுத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை ஓய்வெடுக்கிற இடம் அது.

9. பெருங்கூட்டத்தை எண்ணுவது

ஐம்பது வரை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்கு மேல் கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைக் கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த அளவை வைத்துக் கூட்டத்தைத் துண்டு துண்டாக அளந்துகொண்டே போங்கள். ஐந்நூறுக்கு மேல் போனால் ஐம்பது ஐம்பதாக. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் தளர்வாகவும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

மூன்று முறை எண்ணுங்கள். 210, 260, 235 என்று வந்தால் நடுவில் உள்ள 235ஐ எழுதுங்கள். வீட்டில் பழக ஒரு வழி: தட்டில் ஒரு பிடி துவரம்பருப்பைப் பரப்பி, மதிப்பிட்டு, பிறகு எண்ணிப் பாருங்கள். பத்து நாள் செய்தால் கண்ணுக்கு அளவு பழகிவிடும்.

எண்ணுக்கு இவ்வளவு பாடுபடக் காரணம் உண்டு. நீர்நிலைகளைக் காப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சர் ஒப்பந்தத்தில் ஒரு நீர்நிலையைத் தேர்வதற்கான அளவுகோல்களில் இரண்டு நேரடியாக நீர்ப்பறவை எண்ணிக்கையைப் பேசுகின்றன. ஒன்று, வழக்கமாகக் குறைந்தது 20,000 நீர்ப்பறவைகள் இருப்பது. மற்றொன்று, ஓர் இனத்தொகையில் நூற்றுக்கு ஒன்றாவது அங்கே இருப்பது. 'நிறைய' என்ற சொல்லை வைத்து இதில் எதையும் காட்ட முடியாது. நம் பக்கத்தில் வெள்ளோடு 2022லும் நஞ்சராயன் குளம் 2024லும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

10. அன்றே பதிவு செய்யுங்கள்

இபேர்ட் பட்டியலில் மூன்று இடத்தில் பிழை வரும். முதலாவது, எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' போடுவது. அப்படிப் போட்டால் பறவை இருந்தது என்று மட்டுமே பதிவாகும். தோராயமான எண்கூட அதைவிட மேல். இரண்டாவது, 'அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் பதிந்தீர்களா' என்ற கேள்வி. காகம், மைனாவை வேண்டுமென்றே விட்டிருந்தால் 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் அவற்றையும் எண்ணிவிட்டு 'ஆம்' என்று சொல்லுங்கள். முழுப் பட்டியலில்தான், பட்டியலில் வராத பறவை அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். மூன்றாவது, தூரம். போன வழியிலேயே திரும்பி வந்தால் ஒரு வழித் தூரத்தை மட்டும் போடுங்கள்.

குளம் முழுவதையும் எண்ணினீர்களா, பகுதியையா என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். தண்ணீர் எவ்வளவு, ஆகாயத்தாமரை எவ்வளவு பரப்பு, குப்பை கொட்டுகிறார்களா, தூர்வாரல் நடக்கிறதா என்பதும் வேண்டும். ஒரு தையில், தூர்வாருவதற்காக வற்றவிட்டிருந்த குளத்துக்குப் போன கல்லூரி மாணவர் ஒருவர், "ஒண்ணுமே இல்லீங்க அண்ணா" என்று வெறுங்கையோடு வந்தார். மறுநாள் அவரைத் திரும்ப அனுப்பினேன். ஆள்காட்டி 6, மைனா 11, காகம் 9, தண்ணீர் இல்லை என்று பதிந்து வந்தார். அந்தக் குளத்தின் அந்த ஆண்டுக் கணக்கு அதுதான். அடுத்த ஆண்டு தண்ணீர் நின்று வாத்து திரும்பினால், எதிலிருந்து திரும்பியது என்று காட்ட அந்தப் பட்டியல் வேண்டும்.

வரித்தலை வாத்து போன்ற அரியதைப் பார்த்தாலோ, ஓர் இனத்தின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மிக அதிகமாக இருந்தாலோ, இபேர்ட் பதிவுகளைச் சரிபார்ப்பவர் உங்களுக்கு எழுதிக் கேட்கலாம். கோபப்பட வேண்டாம். படம் இருந்தால் இணையுங்கள். இல்லாவிட்டால் நிறம், அலகு, எப்படி எண்ணினீர்கள் என்பதை விவரியுங்கள். உறுதி இல்லை என்று தோன்றினால் 'வகை' என்று மாற்றிவிடுங்கள்.

தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நின்ற இடங்கள் வரைந்த படத்தையும் பரிசல் இறங்கிய நேரத்தையும் அதே குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள். வரும் தையில் அதே இடத்தில், அதே வரிசையில், அதே நேரத்தில் நிற்க அது வேண்டும்.